தனுஷ்கோடியில் கூடாரம் போட முடியுமா? முடியாதென்றால் ராமநாதபுரம் பக்கம் வேறு எங்கே?

மதுரையிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் வருகிறீர்கள். சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். கூடாரம் கையில் இருக்கிறது. தனுஷ்கோடி மணலில் ஓர் இரவு படுத்து எழ ஆசை, அது முடியாதென்றால் ராமநாதபுரம் கடற்கரையில் வேறு அழகான இடம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அழகு இங்கே பிரச்சினையே இல்லை. தொண்டியில் தொடங்கி நரிப்பையூர் வரை எங்கே போய் நின்றாலும் கண்ணுக்குக் குறை வராது. நடு ராத்திரியில் யாரும் எழுப்பிக் கிளப்பாமல், காற்றில் கூடாரம் பிய்ந்து போகாமல், விடியும்வரை நிம்மதியாகப் படுக்க எந்த இடம் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஊர் உச்சிப்புளிப் பக்கம். கடல் உயிரியல் படித்தேன். பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் கல்லூரிப் பிள்ளைகளைக் கடற்கரை ஆய்வுக்கு அழைத்துப் போய்த் தங்கவைத்து வருகிறேன். எப்போதும் கூட்டமாகத்தான் தங்கியிருக்கிறேன், கூடவே உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பார். தனி ஆளாக வருகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு பேருக்குப் பொருந்தும்.

முதலில் தனுஷ்கோடி. இரவு தங்க முடியாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2017இல் தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு பகலில் யாரும் போகலாம். பொழுது சாயும் நேரத்தில் போலீசார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் எங்காவது வண்டியை மறைத்து நிறுத்தித் தங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருபுறமும் கடல், நடுவில் ஒரு நாடா மாதிரி மணல். ஒதுங்க ஒரு மரம்கூடப் பல இடங்களில் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஓர் ஊரையே, அதோடு பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோன இடம் இது. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆமை முட்டையிடும் கரையும் அதுதான். அதனால் தனுஷ்கோடியைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் போய், உப்புநீர்த் தேக்கங்களில் பறவைகளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முனையில் மட்டும் குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் இடம், கால் வைத்த மணல் அடுத்த நொடி இருக்காது.

அதே போல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் தங்க முடியாது. 1986 முதல் அவை கடல் தேசியப் பூங்கா. கரையிலிருந்து சராசரியாக 8 கிலோமீட்டர்தான், படகுக்காரர் யாராவது ‘கூட்டிப் போகிறேன்’ என்பார். அனுமதியில்லாமல் கால் வைத்தால் வனத்துறை வழக்குப் போடும், அவர் படகும் போகும். குருசடைத் தீவுக்கு மட்டும் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறையே பகலில் படகு விடுகிறது. கடல் நிலையைப் பொறுத்து நிறுத்துவதும் உண்டு, கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எங்கேதான் தங்குவது? இடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்து மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். தென்கடலில் அலை உண்டு. ஆனால் இந்தக் குணம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கரை பொங்கும், மணல் பறக்கும், வடகரைக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடை. அது வடகிழக்கிலிருந்து வரும், அப்போது வடகரை கொந்தளிக்கும், தென்கரை அடங்கிக் கிடக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கம், அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் கரை எதுவோ, அந்தக் கரையில் தங்க வேண்டும். எந்தப் படத்தில் எந்தக் கரை அழகாகத் தெரிந்தது என்பது இதற்குப் பிறகுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கோடையில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி எழும், எங்கள் வடகரையிலிருந்து பார்த்தால் கடலிலிருந்தே எழும். மார்கழி, தை மாதங்களில் தென்கிழக்கே எழும், தென்கரைக்காரர்களுக்குக் கடல் மேல் உதயம். காற்றுக்கு எந்தக் கரையைச் சொன்னேனோ, உதயத்துக்கும் அதே கரைதான்.

கோடையிலோ கச்சான் காலத்திலோ வருவதாக இருந்தால் என் முதல் தேர்வு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் வடகரை. அரியமான் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் சாலையில் இன்னும் அரை மணி, முக்கால் மணி நேரம். பேருந்தில் வந்தால் மாட்டுத்தாவணியில் ஏறி உச்சிப்புளியில் இறங்கலாம். ராமேஸ்வரம் பயணிகள் ரயிலும் அங்கே நிற்கும். அரியமான் கடற்கரையில் பகலில் குடும்பங்களும் படகு விளையாட்டும் நிறைந்திருக்கும், அந்தப் பொது இடத்தில் கூடாரம் போடச் சொல்ல மாட்டேன். அதற்கு இருபுறமும் கரையை ஒட்டித் தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கு உரிமையாளர் இருப்பார், இல்லையென்றால் காவலுக்கு ஓர் ஆளாவது இருப்பார். அவரிடம் நேரில் போய்க் கேட்டு, பெயர் சொல்லி, நான்கு பேரின் அடையாள அட்டையைக் காட்டி, ஒரு தொகை பேசி, தோப்புக்குள் தங்குவதுதான் சரியான வழி. கேட்ட இடங்களில் முக்கால்வாசிப் பேர் எங்களுக்குச் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். குடிக்க மாட்டோம், நெருப்பு மூட்ட மாட்டோம் என்று முதலிலேயே சொன்னதால் கிடைத்த சம்மதம் அது.

தென்னைக்கு நேர் கீழே கூடாரம் வேண்டாம். மட்டையும் காயும் ராத்திரியில் எப்போது விழும் என்று தெரியாது. சவுக்கு நல்ல மறைப்பு, ஆனால் கீழே கிடக்கும் காய்ந்த சருகு மெத்தை ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். எரிவாயு அடுப்பு என்றாலும் கரை மணலில் வைத்துத்தான் சமைக்க வேண்டும். சீமைக்கருவேல முள் செருப்பை ஊடுருவும், கூடாரத்தின் அடித்துணி எம்மாத்திரம். விரிக்கும் முன் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு தடித்த தார்ப்பாயைப் போடுங்கள்.

காற்றைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு தை மாத இரவு. அரியமானுக்குக் கிழக்கே மாணவர்களோடு இருந்தோம். வாடைக் காலம்தான், ஆனால் அன்று பகல் முழுக்க அசைவே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டதால் கூடாரங்களைத் தோப்பை விட்டு வெளியே, வாசல் கடலைப் பார்க்கப் போட அனுமதித்துவிட்டேன். சாயங்காலம் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, ராத்திரி வாடை விழும். பிள்ளைகளைத் தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க” என்றார். சரிங்க ஐயா என்று சொன்னேன், மாற்றவில்லை. இரண்டு மணி இருக்கும், முதலில் துணியில் மணல் உரசும் சத்தம் கேட்டது, அரிசி புடைக்கிற மாதிரி. அடுத்த பத்து நிமிடத்தில் முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. வாசல் கடலைப் பார்த்து இருந்ததால் காற்று உள்ளே புகுந்து கூடாரத்தைப் பலூன் மாதிரித் தூக்கியது. நல்ல வேளை, உள்ளே ஆள் இருந்ததால் பறக்கவில்லை. ஆள் இல்லாத ஒன்று உருண்டுபோய்க் கருவேலப் புதரில் கிழிந்து தொங்கியது. விடியும்வரை பிள்ளைகளோடு தோப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் கரையில் இருக்கும் மீனவரிடம் “இன்னைக்குக் காற்று எப்படி?” என்று கேட்காமல் நான் கூடாரப் பையைப் பிரிப்பதில்லை. கைப்பேசி சொல்லும் வானிலையையும் பார்க்கிறேன், ஆனால் இரண்டும் மாறுபட்டால் அவர் சொல்வதைத்தான் கேட்பேன்.

கடல் மணலில் கூடாரத்தோடு கிடைக்கும் மெல்லிய முளைக்கம்பி நிற்காது. அரிசிக் கடையில் கிடைக்கும் சின்னச் சாக்குப் பைகள் எட்டு வாங்கி வாருங்கள். ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதன் இடுப்பில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கவைத்து மூடி மிதித்துவிடுங்கள். இழுத்துப் பார்த்தால் அசையாது. வாசல் எப்போதும் காற்று வரும் திசைக்கு மறுபக்கம். ஏற்றமும் வற்றமும் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் அலை வந்து அடித்துப் போய்விடும் என்ற பயம் சாதாரண நாளில் வேண்டாம். ஆனாலும் கரையில் பாசியும் தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல்லும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டிலிருந்து இருபது அடியாவது மேலே இருங்கள்.

தை கடைசி முதல் பங்குனி வரை வருவதாக இருந்தால் தென்கரை நன்றாக இருக்கும். புதுமடம், களிமண்குண்டு, திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரை என்று வரிசையாகக் கரை போகும். கிராமங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கடைக்கும் தண்ணீருக்கும் அலைய வேண்டாம், அதே காரணத்தால் தனிமையும் குறைவு. அங்கெல்லாம் ஊர்த் தலைவரிடமோ ஜமாஅத்திலோ சொல்லாமல் கரையில் இரவு தங்குவது மரியாதை இல்லை, அதிகாலையில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் ஊர்களும் இந்தக் கரையில் உண்டு. இன்னும் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி தாண்டினால் வாலிநோக்கம். உப்பளமும் கடலும் சேர்ந்து கிடக்கும் ஊர், 1974இல் தொடங்கிய அரசின் உப்பு நிறுவனத்தின் உப்பளம் அங்கே இருக்கிறது. சாயல்குடியிலிருந்து இறங்கினால் மாரியூர். பனைமரமும் மணல்மேடும் கோயிலும் கடலும்தான், வேறு வெளிச்சமே இல்லை. நட்சத்திரம் பார்க்க இந்த மாவட்டக் கரையில் எனக்கு மாரியூரைவிடப் பிடித்த இடம் கிடையாது. பதநீர்க் காலத்தில் போனால் விடியற்காலையில் பனை இறங்குகிற இடத்திலேயே வாங்கிக் குடிக்கலாம். ஆனால் சனி மதியம் மதுரையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து அனுமதி கேட்டுக் கூடாரம் போடுவது சிரமம். முதல் முறை வருகிறவர்கள் மாரியூரை அடுத்த பயணத்துக்கு வையுங்கள்.

நட்சத்திரம் என்றதும் அமாவாசையாகப் பார்த்து வரத் தோன்றும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் மட்டும் வராதீர்கள். ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை, மாரியூர் எல்லாம் தர்ப்பணத்துக்கு வரும் கூட்டத்தால் நிரம்பிவிடும், சாலையில் நகர முடியாது. மற்ற அமாவாசைகள் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் வரவே வேண்டாம். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி அப்போதுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கு முந்தின நாள் வானத்தைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. எந்த மாதமாக இருந்தாலும் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் ஆமை. தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ராத்திரியில் கரையேறி முட்டையிடும். டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறி, மணல் கலைந்த ஓர் இடத்தைச் சுற்றி, மறுபடி கடலுக்கு இறங்கியிருந்தால் அது ஆமைத் தடம். அந்த இடத்தை மிதிக்காமல், தோண்டிப் பார்க்காமல், காலையில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெள்ளை விளக்கையும் நெருப்பையும் கண்டால் தாய் ஆமை ஏறாமலே திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ப் பக்கம் நடந்து செத்துப்போகும். தலையில் மாட்டும் விளக்கு என்றால் சிவப்பு ஒளியில் வையுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு அழகாக இருக்கும், எடுத்துப் போகாதீர்கள். பவளப்பாறையும் கடல் அட்டையும் புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

கரையில் ராத்திரி ரோந்து வரும். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசார் வரலாம், வேறு துறையினரும் வரலாம். இலங்கைக்குக் கடத்தல் நடக்கும் கரை என்பதால் இருட்டில் விளக்கோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டை, வண்டிப் பதிவு, தோப்பு உரிமையாளரின் பெயரும் எண்ணும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். மாலையிலேயே பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது இன்னும் நல்லது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, டிரோன் கொண்டு வராதீர்கள். கடலில் ஆபத்து என்றால் 1093 எண்ணை அழைக்கலாம். வழி கேட்கும்போது மட்டும் “கேம்ப் எங்கே” என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கேம்ப் என்றால் மண்டபம் கேம்ப். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திவைத்த இடம், பிறகு அங்கிருந்து வந்த அகதிகள் தங்கிய முகாம். நேராக அங்கேதான் வழி காட்டுவார்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஆறு லிட்டராவது ராமநாதபுரத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கரை ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கும் நல்ல தண்ணீர் அவர்களுக்கே போதாது. மீனுக்குக் கவலையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகாது, நாட்டுப்படகு போகும். காலையில் கரைக்கு வரும் வல்லத்திடமே காரல் மீன் வாங்கிப் புளியும் பூண்டும் போட்டுச் சாறு வைத்தால் நான்கு பேருக்கும் போதும். குளிக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடல் பச்சையாகக் கலங்கி மீன் செத்து ஒதுங்கினால் அது பூங்கோரை என்று நாங்கள் சொல்லும் நுண்ணுயிர் படர்ந்த கடல், இறங்க வேண்டாம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் கரையைத்தான் நான் சொன்னேன் என்பதால் இன்னொன்று: காற்றடைத்த மிதவை எதையும் தண்ணீரில் போடாதீர்கள். அமைதியாகத் தெரியும் அந்தக் கடல் அதை மெதுவாக உள்ளே கொண்டுபோய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது.

மேலே தங்கக் கூடாது என்று சொன்ன இடங்களும் காற்றின் திசையும் உறுதியானவை. தோப்புக்காரர்கள் சம்மதிப்பார்கள் என்பது எங்கள் அனுபவம், ஆளுக்கு ஆள் மாறும். ஞாயிற்றுக்கிழமைக்குக் காரங்காடு அலையாத்திக் காட்டையும் யோசிக்கலாம். வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு விடுகிறார்கள், காலை வேளையில் நன்றாக இருக்கும். ஆனால் அது ராமநாதபுரத்துக்கு வடக்கே தொண்டிச் சாலையில், தனுஷ்கோடி கிழக்குக் கோடியில். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் வண்டியில்தான் இருப்பீர்கள். நீங்கள் தனுஷ்கோடிக்காகவே வருவதால் அதைப் பார்த்துவிட்டு மதியமே திரும்புங்கள். எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. அதைச் சொன்னால் எந்தக் கரை, எந்த ஊர் வழியாக இறங்குவது என்று எழுதுகிறேன்.